அழுகைக்கு எத்தனை பக்கம்?

"கதைதான் தீந்து போச்சே டீச்சர், பொறவு எதுக்கு இவ்வளவு எழுதுகாரு?"

ஜெயமோகனின் வெண்முரசு வரிசையில் 23ஆவது நாவலான 'நீர்ச்சுடர்' பற்றி நாகர்கோவிலிலும் சுற்றுவட்டாரத்திலும் நான் கேட்ட கருத்துகளில் அதிகம் திரும்பி வந்தது இதுதான். சொன்னவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. கல்லூரியில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், போர் நாவல்களை இரவு கண்விழித்து வாசித்து மறுநாள் வகுப்பு இடைவேளையில் எங்களுக்கெல்லாம் கதை சொன்னவர், இந்த இடத்தில் வந்து நின்றுவிட்டார். மாதம் ஒருமுறை நாங்கள் பெண்கள் சிலர் கூடிப் புத்தகம் பேசுகிறோம். அங்கேயும் மூன்றில் இரண்டு பேர் இதையேதான் சொன்னார்கள். "ஒண்ணும் நடக்கல்ல" என்றார் ஒருவர். "ஒரே கரச்சலு" என்றார் இன்னொருவர். "இதுக்கு மேல வாசிச்சா எனக்கு ராத்திரி உறக்கம் வராது" என்று மூடி வைத்தவரும் உண்டு. அது வேறு வகையான கருத்து, அதை மதிக்கிறேன்.

வாசிக்காதவர்களுக்காகச் சில வரிகள். மகாபாரதத்தை நாவல்களாகத் திருப்பி எழுதும் வெண்முரசு 2014 ஜனவரி 1 அன்று தொடங்கியது. நாள்தோறும் ஓர் அத்தியாயம் என்று வெளிவந்து 2020 ஜூலையில் 26ஆவது நாவலான 'முதலாவிண்'ணோடு முடிந்தது. மொத்தம் இருபதாயிரம் பக்கங்களுக்கு மேல். எழுதியவர் எங்கள் மாவட்டத்துக்காரர், நாகர்கோவிலில் வசிப்பவர். பாம்புகள், தேவர்கள், பாதாளம், கனவு, மாயம் எல்லாம் நிறைந்த கதை என்பதால், ஆங்கிலத்தில் பெரிய மாயக்கதை வரிசைகளை வாசிக்கும் என் மாணவிகள் இதையும் அந்த அலமாரியில்தான் வைக்கிறார்கள். அதில் தப்பில்லை. குருக்ஷேத்திரப் போர் 'செந்நா வேங்கை'யில் மூண்டு, 'திசைதேர் வெள்ளம்', 'கார்கடல்', 'இருட்கனி' வழியாக 'தீயின் எடை'யில் அடங்குகிறது. அதற்கு அடுத்து வருவது நீர்ச்சுடர். களத்தில் செத்தவர்களுக்கு மிச்சமிருப்பவர்கள் நீர்க்கடன் கழிப்பதுதான் அதன் பொருள்.

ஐந்து நாவல் நிறையக் கொல்லலாம், ஒரு நாவல் நிறைய அடக்கம் செய்தால் அது இழுவையா? இந்தக் கேள்வியைத்தான் நான் கூட்டத்தில் வைத்தேன். யாரும் உடனே பதில் சொல்லவில்லை.

'ஒன்றும் நடக்கவில்லை' என்ற சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் எங்கள் ஊரில் என்னவெல்லாம் நடக்கிறது? நீர்மாலை எடுக்க வேண்டும். உடலைக் குளிப்பாட்டி உடுத்த வேண்டும். வந்து விழுகிற ஒவ்வொருத்தியையும் பிடித்து உட்கார வைத்து, அவள் அழுது முடிக்கும்வரை கூடவே இருக்க வேண்டும். மறுநாள் காடாத்து. பதினாறாம் நாள் அடியந்திரம். அதுவரை பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து சோறு வரும், பாத்திரம் திரும்பிப் போகும், யாருக்குச் சொல்லிவிட்டோம் யாருக்குச் சொல்லவில்லை என்று கணக்கு நடக்கும், கடன் கொடுத்தவன் திண்ணையில் வந்து உட்காருவான், பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மூத்த மருமகளிடம் ரகசியமாகக் கேட்பார்கள். பதினாறு நாளில் அந்த வீட்டுப் பெண் வாழ்நாளில் செய்யாத வேலையைச் செய்கிறாள். இது 'ஒன்றும் நடக்காத' காலம் என்று யாருக்குத் தோன்றும்? நாற்காலி போட்டு முற்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தோன்றும்.

தமிழ் வாசகருக்கு இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததும் இல்லை. நம் கையில் அதிகம் புழங்கிய பாரதம் வில்லிபுத்தூரார் பாடியது. வியாசரின் பதினெட்டுப் பர்வங்களில் அவர் பாடியது பத்து. சௌப்திக பருவத்தோடு, அதாவது உறங்கியவர்களைக் கொன்ற அந்த இரவின் கதையோடு, நூல் நின்றுவிடுகிறது. வியாசரில் அதற்கு அடுத்து வருவது பதினோராவது பர்வம். அதன் பெயரே ஸ்திரீ பர்வம். பெண்கள் களத்துக்குள் காலடி வைப்பதற்கு ஒரு அடி முன்னால் நம் பாரதம் கதவைச் சாத்திக்கொண்டது. வில்லியார் வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அவருடைய காரணங்கள் இருந்திருக்கும். பிற்பாடு பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை மீதிப் பர்வங்களையும் சேர்த்துப் பாடினார். ஆனால் பாடத்திட்டத்திலும் பட்டிமன்றத்திலும் நின்றது வில்லிதான். பாரதியோ பாஞ்சாலியின் சபதத்தோடு நிறுத்திக்கொண்டார். ஆக, சபதம் தெரியும், சபதம் நிறைவேறியது தெரியும், அதற்கு அடுத்த நாள் காலையில் என்ன நடந்தது என்று தமிழ்ப் பாடப்புத்தகம் படித்த பெண்ணுக்குத் தெரியாது. நானும் முதுகலை முடிக்கும்வரை ஸ்திரீ பர்வத்தின் ஒரு வரியையும் வாசித்ததில்லை. யாரும் வாசிக்கச் சொன்னதும் இல்லை.

அந்தப் பர்வம் சிறியது. கும்பகோணம் ம. வீ. இராமானுஜாச்சாரியார் பதிப்பிலும், கிசாரி மோகன் கங்குலியின் ஆங்கிலத்திலிருந்து செ. அருட்செல்வப்பேரரசன் செய்த தமிழாக்கத்திலும் கிடைக்கிறது. ஒரு மாலையில் வாசித்துவிடலாம். வாசித்தபின் ஒரு வாரம் எடுக்கும்.

அதில் திருதராஷ்டிரன் பீமனைத் தழுவுவதுபோல இரும்புப் பதுமையை நொறுக்குகிறான். அந்தக் காட்சி எல்லோருக்கும் தெரியும், கதாகாலட்சேபத்தில் சொல்வார்கள். தெரியாதது அதற்குப் பிறகு. வியாசர் கொடுத்த அகக்கண்ணால் காந்தாரி தொலைவிலிருந்தே களத்தைப் பார்க்கிறாள். பார்ப்பதை ஒவ்வொன்றாகக் கிருஷ்ணனிடம் சுட்டிக் காட்டுகிறாள். இதோ துரியோதனன், இதோ அவன் தலையை மடியில் வைத்திருக்கும் மருமகள். அபிமன்யுவின் கவசத்தைக் கழற்றி முகத்தைத் துடைத்துவிட்டு அவனோடு பேசிக்கொண்டிருக்கும் உத்தரை. அவள் இன்னும் குழந்தை. கர்ணன் மேல் விழுந்து கிடக்கும் அவன் மனைவி. கணவனின் தலையைக் காணாமல் களமெங்கும் ஓடும் துச்சளை, காந்தாரியின் ஒரே மகள். பூரிசிரவஸின் வெட்டுண்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கை தன்னை எப்படியெல்லாம் தொட்டது என்று வாய்விட்டுச் சொல்லும் அவன் மனைவி. ஒரு பெண் தன் இச்சையைச் சவத்தின் பக்கத்திலிருந்து, மாமியார் நாத்தனார் கேட்க, இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் இடம் நம் காவியங்களில் வேறு எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன், அகப்படவில்லை.

என்னைத் தூங்கவிடாத காட்சி வேறு ஒன்று. பெயரில்லாத பெண்கள் சிலர் கிடைத்த தலையைக் கிடைத்த உடலோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறார்கள். இது அவருடையது இல்லை என்று தெரிகிறது. எடுத்துக்கொண்டு அடுத்த உடலுக்குப் போகிறார்கள். இதைவிடப் பெரிய சம்பவம் அந்தப் பதினெட்டு நாளில் எங்காவது நடந்ததா?

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் ஊர்களில் பெரும்பாலான சாதிகளில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெரு முனையோ, ஆற்றங்கரையோ, அதோடு சரி. ஸ்திரீ பர்வத்தில் அரண்மனைப் பெண்கள், சூரியன்கூட முகம் பார்த்திராதவர்கள் என்று வர்ணிக்கப்படுபவர்கள், ஒற்றை ஆடையோடு அவிழ்ந்த தலையோடு தெருவில் இறங்கி நரியும் கழுகும் திரியும் களத்துக்கே நடந்து போகிறார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்த ஆண்கள் யாரும் மிச்சமில்லை. தருமன் சொல்லும் கணக்குப்படி செத்தவர்கள் 166 கோடியே 20 ஆயிரம் பேர். அந்த எண் எவ்வளவு பெரிய கற்பனை என்பதைவிட, அத்தனை பேருக்கும் பின்னால் வீட்டில் ஒருத்தியாவது இருந்திருப்பாள் என்ற கணக்கு யாரும் போடவில்லை என்பதுதான் எனக்கு உறைக்கிறது.

சரி, தமிழ் வாசகருக்கு இது பழக்கமில்லை என்று சொன்னேன். ஏட்டில் வாசிப்பவருக்குப் பழக்கமில்லை என்று திருத்திக்கொள்ளலாம். எங்கள் பகுதிக் கோயில் கொடையில் வில்லடிச்சான் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சாவோடு கதை முடியும் என்பதே புதுச் செய்தி. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தப் பகுதி வில்லுப்பாட்டைப் பற்றி 1988இல் ஒரு நூல் வெளியிட்டார். பிறப்புக் கதைகள், இறப்புக் கதைகள் என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். தெய்வமாகவே பிறந்தவர்களின் கதை ஒன்று, மனிதராகப் பிறந்து அநியாயமாகக் கொல்லப்பட்டு அதனால் தெய்வமானவர்களின் கதை மற்றொன்று. இரண்டாவது வகையைப் பாடும்போது சாவு நெருங்க நெருங்க உடுக்கும் குடமும் ஏறும், வீசுகோல் வில்லில் விழும் வேகம் கூடும், சாமியாடிக்கு அருள் வரும். சாவுதான் அங்கே வாசல். அதற்குப் பிறகு பலி கேட்டல், நிலையம் கேட்டல், ஊருக்கு நேர்ந்த தீங்கு, ஊர் செய்த பரிகாரம் என்று எவ்வளவோ இருக்கிறது. அ. கா. பெருமாள் இந்தப் பகுதி வாய்மொழி மரபு பற்றி எழுதியவற்றை வாசித்தால் இதுபோல எத்தனை கதைகள் என்று தெரியும்.

நீலி கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நகைக்காகக் கள்ளிக்காட்டில் வைத்துக் கொல்லப்பட்டவள் அவள். கொலை கதையின் முற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அடுத்த பிறவியில் கள்ளிக் கிளையைப் பிள்ளையாக இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஊர்ச்சபை முன்னால் வந்து நின்று, இவன் என் புருஷன், என்னை இவனோடு அனுப்பி வையுங்கள் என்று அவள் வழக்காடுவதுதான் கதை. ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் முப்பந்தல் இசக்கியை, காற்றாலைகளுக்கு நடுவே பஸ்ஸிலிருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டு கடக்கும் பெண்கள் யாரும், செத்தவளுக்கு ஏது கதை என்று கேட்க மாட்டார்கள்.

எங்கள் கூட்டத்தில் 26 நாவலையும் முடித்த ஒரே ஆள் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். எழுபதைத் தாண்டியவர், எல்லோரும் ஆச்சி என்போம். நீர்ச்சுடர்தான் தனக்குப் பிடித்தது என்றார். ஏன் என்று கேட்டேன். "மக்ளே, சண்ட வாசிக்கச்சில நான் பக்கத்தத் தள்ளித் தள்ளி வாசிச்சேன். யாரு யார வெட்டுனா எனக்கென்ன? இதுலதான் எனக்குத் தெரிஞ்ச வேல வருகு" என்றார். 'எனக்குத் தெரிஞ்ச வேலை'. இலக்கிய விமர்சனத்தில் இந்த அளவுகோலுக்கு இடம் உண்டா என்று கேட்கலாம். ஆண்கள் போர்க்காட்சியை ரசிப்பதற்கும் அளவுகோல் இதுதானே? வியூகம் வகுப்பது தங்களுக்குத் தெரிந்த வேலை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த மனத்தாங்கல் தமிழ் வாசகருக்கு மட்டும் உரியதும் இல்லை. உர்சுலா கே. லெ குவின் 'எர்த்ஸீ' என்ற மாயத் தீவுக்கூட்டத்தைப் பற்றி 1968 முதல் 1972 வரை மூன்று நாவல்கள் எழுதினார். கெட் என்ற மந்திரவாதி அவற்றின் நாயகன். பதினெட்டு ஆண்டுகள் கழித்து 1990இல் நான்காவது நாவல் 'தெஹானு' வந்தது. அதில் கெட் மந்திர சக்தி எல்லாம் தீர்ந்துபோய், சீக்காளியாக, டிராகன் முதுகில் வந்து இறங்குகிறான். கதை அவனுடையது இல்லை. இரண்டாவது நாவலில் சிறுமிப் பூசாரியாக இருந்த தெனார் இப்போது நடுவயது விதவை, பண்ணை வீட்டுக்காரி. ஆண்கள் தீயில் தள்ளிப் பாதி முகம் வெந்துபோன ஒரு பெண் குழந்தையை அவள் எடுத்து வளர்க்கிறாள். ஆடு மேய்கிறது, துணி துவைக்கப்படுகிறது, தெருவில் நடக்கும்போது பயம் இருக்கிறது. கடலுக்குப் போன மகன் திரும்பி வந்து பண்ணை தன்னுடையது என்கிறான், சட்டமும் அதையே சொல்கிறது. நெபுலா விருது பெற்ற நாவல் இது. ஆனால் முதல் மூன்றையும் நேசித்த வாசகர் பலருக்கு இது துரோகமாகத் தோன்றியது. எங்கள் கெட்டை ஏன் இப்படி ஆக்கினாய் என்பதே அவர்கள் புகார். லெ குவின் அதற்குப் பதிலாக ஓர் உரையே நிகழ்த்தினார். முதல் மூன்றை எழுதியபோது தானும் ஆணின் கண்ணால்தான் அந்த உலகத்தைப் பார்த்திருக்கிறேன் என்பது அவர் வாதத்தின் சாரம். என் மாணவிகளில் ஒருத்தி தெஹானுவை வாசித்துவிட்டு, "இதுல மந்திரமே இல்லையே டீச்சர், எங்க வீடு மாதிரி இருக்கு" என்று ஏமாற்றத்தோடுதான் சொன்னாள். ஏமாற்றம் நியாயமானது. வீட்டிலிருந்து தப்பிக்கத்தானே இந்தக் கதைகளுக்குள் போகிறோம். போன இடத்திலும் அடுப்படி என்றால்?

இங்கேதான் எனக்குப் பதில் சொல்லக் கடினமாக இருந்த எதிர்ப்பு வந்தது. முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "பதினெட்டு நாளும் ஆம்பளங்க பேசுனாங்க, சண்ட போட்டாங்க. பொம்பளங்களுக்கு மேடை குடுத்தது அழுகதுக்கு மட்டும்தானா?" வெண்முரசின் தொடக்கம் அவளுக்கு நினைவிருந்தது. முதல் நாவல் 'முதற்கனல்' மானசாதேவி தன் மகன் ஆஸ்திகனுக்குக் கதை சொல்வதில்தான் திறக்கிறது. அம்பையின் கோபம் அந்த நாவலை எரிக்கிறது. 'மழைப்பாட'லில் காந்தாரியோடு மணமாகி வந்த தங்கைகளில் சிறியவள் சம்படை, சிறுமி, அரண்மனை ஜன்னலில் உட்கார்ந்தபடியே சித்தம் கலங்கிப்போகிறாள். அப்படியெல்லாம் தொடங்கிய வரிசை கடைசியில் பெண்ணுக்கு ஒப்பாரியைத்தான் மிச்சம் வைத்ததா என்பது அவள் கேள்வி. 'பெண் என்றால் அழுகை' என்று எழுதிய கைகளை நாம் பார்த்திருக்கிறோம், அதனால் அந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிட முடியாது.

நான் அவளுக்குச் சொன்னது இது. ஒப்பாரியை அழுகை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதே. எங்கள் ஊரில் ஒப்பாரி வைப்பவள் செத்தவன் புகழை மட்டுமா பாடுகிறாள்? மாமியார் சோறு போடாததும், கொழுந்தன் வரப்பை வெட்டியதும், அண்ணன் சீர் கொண்டு வராததும் அந்தப் பாட்டில்தான் ஊரறிய வரும். வேறு எந்த நாளில் சொன்னாலும் வாயாடி என்று அடக்குவார்கள். அன்றைக்கு மட்டும் அடக்க முடியாது. அது ஒரு வழக்கு, ஊரே கோர்ட்டு. காந்தாரி செய்வதும் அதுதான். உடல் உடலாகச் சாட்சியம் வைக்கிறாள். கடைசியில், தடுக்க முடிந்தும் தடுக்காமல் இருந்தாய் என்று கிருஷ்ணன் மேல் குற்றம் சாட்டித் தீர்ப்பும் சொல்கிறாள்: முப்பத்தாறாவது ஆண்டில் உன் குலமும் தங்களுக்குள் வெட்டிக்கொண்டு சாகும். கடவுளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவள் அழுதுகொண்டிருந்தாள் என்பதற்காக அதை அழுகைக் கணக்கில் எழுதலாமா?

நாஞ்சில் நாட்டு உதாரணம் ஒன்றும் சொன்னேன். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'மருமக்கள் வழி மான்மியம்'. சிரித்துக்கொண்டே வாசிக்கிற நூல். ஆனால் அதில் பேசுபவள் ஒரு வெள்ளாள வீட்டு ஐந்தாவது மனைவி. மருமக்கள் வழிச் சொத்துரிமையில் மனைவிக்கும் பெற்ற பிள்ளைக்கும் என்ன கதி என்று தொடக்கம் முதல் முடிவுவரை அவள் புலம்புகிறாள். அந்த வழக்கத்தை மாற்றும் சட்டம் திருவிதாங்கூரில் 1926இல் வந்தது. நூலும் அந்தக் கிளர்ச்சியும் ஒரே காலத்தவை. எழுதியது ஆண், பேசியது பெண் குரல், விளைவு சட்டம். அந்த மாற்றத்தால் பெண்களுக்கு வந்தது எவ்வளவு, தாய்வழியில் இருந்ததில் போனது எவ்வளவு என்பது தனியாகப் பேச வேண்டியது.

மாணவி முழுக்க ஏற்கவில்லை. அவள் அடுத்த கேள்வி இன்னும் கூர்மை: "காந்தாரி சாபம் பலிச்சா யாரு விதவையாவா? துவாரகைப் பொம்பளங்கதானே?" ஆமாம். காந்தாரியே அதைச் சொல்கிறாள், இந்தப் பெண்கள் அழுவதுபோல உன் பெண்களும் அழுவார்கள் என்று. தன் நீதிக்கான விலையை வேறு ஊர்ப் பெண்கள் தலையில் வைக்கிறாள். இதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது.

குந்தி விஷயத்திலும் அப்படியே. நீர்க்கடன் கழிக்கும்போது, கர்ணனுக்கும் நீர் விடுங்கள், அவன் உங்கள் மூத்தவன் என்று சொல்லி அவள் வாய் திறக்கிறாள். ஒரு கன்னிப்பெண்ணின் பயத்தை எத்தனையோ ஆண்டுகள் தனியாகச் சுமந்துவிட்டு, கடைசிக் கணத்தில் இறக்கி வைக்கிறாள். அதற்குத் தருமன் கொடுக்கும் பரிசு சாந்தி பர்வத்தின் தொடக்கத்தில் இருக்கிறது: இனி எந்தப் பெண்ணும் ரகசியத்தைக் காக்க முடியாமல் போகட்டும் என்று மொத்தப் பெண்குலத்துக்கும் சாபம். ஒரு ரகசியத்தை அத்தனை காலம் கட்டிக் காத்த பெண்ணைப் பார்த்துவிட்டு அவன் சொன்னது இது. பெண்களிடம் ரகசியம் தங்காது என்று இன்றைக்கும் டீக்கடையில் சொல்லிச் சிரிப்பவர்களுக்குத் தருமபுத்திரன்தான் மேற்கோள். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் சிரிக்கிறார்கள், பிறகு சிரிப்பு நின்றுவிடுகிறது.

வேறொரு வகைக் கருத்தையும் நான் மறைக்கக் கூடாது. இந்த நாவலை மட்டுமல்ல, இந்த ஆசிரியரையே தொட மாட்டோம் என்று சொல்லும் பெண்கள் உண்டு. வெண்முரசு தொடங்கிய அதே 2014இல், பெண் எழுத்தாளர்களைப் பற்றி அவர் சொன்ன ஒரு கருத்தைக் கண்டித்துப் பெண் படைப்பாளிகள் பலர் கூட்டாக அறிக்கை வெளியிட்டார்கள். அந்த அறிக்கையின் பக்கம்தான் நானும். அதனால் வாசிக்க மாட்டேன் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நான் வாசித்தேன். ஸ்திரீ பர்வம் வியாசரின் சொத்தும் இல்லை, இவருடைய சொத்தும் இல்லை. எந்த ஆண் எழுத்தாளர் திறந்து வைத்தாலும் அந்தக் கதவு வழியாக உள்ளே போய் என்ன இருக்கிறது என்று பார்க்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

பார்த்ததில் குறையும் உண்டு. வெண்முரசில் யார் வாய் திறந்தாலும் பேச்சு சீக்கிரமே தத்துவத்துக்கு ஏறிவிடும். துக்க வீட்டிலும் அந்தப் பழக்கம் விடுவதில்லை. பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு அவ்வளவு முழுமையான வாக்கியங்கள் வருமா? வடமொழிச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் ஒதுக்கிய அந்தச் செறிந்த தமிழ் போர்க்களத்துக்கு எடுப்பாக இருக்கிறது. அடுப்படிக்கு வரும்போது கொஞ்சம் பட்டுச்சேலை உடுத்தித் துணி துவைப்பதுபோல இருக்கிறது. வியாசரின் பெண்கள் இதைவிட முரட்டுத்தனமாக, இதைவிட உடலோடு ஒட்டிப் பேசுகிறார்கள். வில்லுப்பாட்டுக் கேட்ட காதுக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும்.

இருந்தாலும் 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதை நான் ஏற்காததற்கு ஒரு காரணம், கூட்டத்தில் கடைசி வரை பேசாமல் இருந்த இன்னொரு மாணவி. மேற்குக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வருபவள், கத்தோலிக்கக் குடும்பம். பாரதம் அவளுக்குப் பாடப்புத்தகக் கதை, நீர்க்கடன் அவள் வீட்டு வழக்கமும் இல்லை. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அந்தக் கரையெங்கும் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. கரைக்கு வந்த உடல்களை அடையாளம் காணக் குடும்பத்தார் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார்கள், கேரளம் வரை போனார்கள். காணாமல் போனவர் இறந்தவராகக் கருதப்பட ஏழு ஆண்டு ஆக வேண்டும் என்று நம் சாட்சியச் சட்டம் சொல்கிறது. அரசு அதைத் தளர்த்துமா, சான்றிதழ் தருமா என்ற கவலையோடுதான் அந்த வீடுகளில் அழுகை நடந்தது. புயல் அடித்தது ஒரு நாள். செய்தித்தாளில் அதற்குப் பெரிய எழுத்து. அதற்குப் பிறகான மாதங்களுக்கு உள்பக்கம், பிறகு அதுவும் இல்லை.

அந்த மாணவி ஸ்திரீ பர்வத்தில் ஒரு இடத்தைக் குறித்து வைத்திருந்தாள். பெரிய வீரர்களுக்குச் சந்தனக் கட்டை அடுக்கி எரியூட்டியபின், உறவென்று சொல்ல யாரும் இல்லாமல் பல நாட்டிலிருந்தும் வந்து செத்துக் கிடந்தவர்களை விதுரன் ஒன்றாகக் குவித்து எரிக்கும் இடம். "அவங்க வீட்டுல சொன்னாங்களா டீச்சர்? ஆள் போயாச்சுன்னு யாராவது போய்ச் சொல்லியிருப்பாங்களா?" என்று கேட்டாள். வியாசர் அதை எழுதவில்லை. நாவலில் அதற்குப் பதில் இருக்கிறதா என்று கூட்டத்தில் ஆளாளுக்குப் பக்கம் புரட்டினார்கள். கதை தீர்ந்துவிட்டது என்று சொன்னவர்களும் புரட்டினார்கள்.

அடுத்த மாதத்துக்கு 25ஆவது நாவலான 'கல்பொருசிறுநுரை'யை எடுத்திருக்கிறோம். காந்தாரியின் சாபம் பலிக்கும் பகுதி, யாதவர்கள் அழிவது. கூடவே மௌசல பர்வத்தையும் வாசித்து வரச் சொல்லியிருக்கிறேன். துவாரகைப் பெண்களை அர்ஜுனன் அழைத்துக்கொண்டு போகும் வழியில் கொள்ளைக்காரர்கள் மறிக்கிறார்கள், அவன் காண்டீபத்தை அரும்பாடுபட்டுத்தான் நாணேற்றுகிறான், பெண்கள் இழுத்துச் செல்லப்படுகிறார்கள். அவர்களில் சிலர் தாங்களாகவே போனார்கள் என்று மூலத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று ஆச்சி இப்போதே சொல்லிவிட்டார்.